கேள்வியும் விலைச்சீட்டும்

"நல்ல ஹெட்போன் இல்லாதவன் இசையைப் பற்றிப் பேச அருகதையற்றவன்" என்றொரு தீர்ப்பு சென்ற ஆண்டு எமது கலைப் பீடச் சிற்றுண்டிச்சாலையிலே வழங்கப்பட்டது. வழங்கியவர் நல்ல வாசகர். வர்க்கம், சுரண்டல் முதலிய சொற்களை நாள்தோறும் உச்சரிப்பவர். சூழவிருந்த ஐவர் தலையசைத்தனர். நான் மறுத்தேன். விரிவுரைக்கு நேரமாகிவிட்டமையால் வாதம் அந்தரத்திலே நின்றது. அதனை இங்கே தொடர்வதற்குக் காரணம் உண்டு. அத்தீர்ப்பை ஒரு தனி மனிதரின் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. எம்மிடையே மெல்ல மெல்ல ஊறிப் பரவிவரும் ஒரு நம்பிக்கையையே அவர் வாய்விட்டுச் சொன்னார். இசையைக் கேட்கும் தகுதி விலை கொடுத்து வாங்கத்தக்கது என்பதே அந்நம்பிக்கை. அது பொய். எம்மைப் போன்ற மாணவரின் பணத்துக்கும் தன்மதிப்புக்கும் ஒருங்கே கேடு செய்யும் பொய்.

மேற்செல்லுமுன் சொல் ஒன்று பற்றிச் சொல்லவேண்டும். இக்கருவிக்குத் தமிழ்ச் சொற்கள் சில முன்மொழியப்பட்டுள்ளன. கொழும்பிலே எந்தக் கடையிலும் அவற்றுள் ஒன்றைத்தானும் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. தமிழ் மன்றத்தின் ஏடாயினும், வழக்கிலுள்ள ஹெட்போன், இயர்போன் என்ற சொற்களையே கையாள்கிறேன். சொல்லாக்கப் புலவர்கள் பொறுத்தருள்க.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டு சொனி நிறுவனம் வெளியிட்ட டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 என்னும் ஹெட்போனின் அமெரிக்க விலை ஏறத்தாழ 400 டொலர். டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என்று கொண்டால் 1,20,000 ரூபா. இறக்குமதித் தீர்வையும், 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உயர்ந்த பெறுமதிசேர் வரியும், வணிகரின் இலாபமும் இதிற் சேரவில்லை. 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தின்படி மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. எனவே ஒரு மாணவர் பதினாறு மாதம் ஒரு சதமும் செலவிடாது சேர்த்தாலன்றி அந்த ஹெட்போன் அவர் தலையில் ஏறாது. மறுபுறத்தில், மூன்ட்ரொப் என்னும் சீன நிறுவனத்தின் சூ 2 என்ற இயர்போனும், கொஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கேஎஸ்சி75 என்ற ஹெட்போனும் இருபது டொலர் அளவிலே விற்கப்பட்டவை. அதாவது ஆறாயிரம் ரூபா. ஒன்றுக்கும் மற்றையதற்குமிடையே விலை இருபது மடங்கு. ஒலியும் இருபது மடங்கு வேறுபடுகிறதா என்பதே வினா. இருபது மடங்கு வேண்டாம். இரண்டு மடங்கேனும் வேறுபடுகிறதா?

இவ்வினாவுக்கு விடை ஊகத்திலே தேடவேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டு ஜெரோன் பிரீபார்ட் என்னும் ஒலியியல் ஆய்வாளர் அமெரிக்க ஒலியியற் சங்கத்தின் சஞ்சிகையிலே ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 283 ஹெட்போன்களை அளந்து, அவை தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை ஒலியை எவ்வளவு ஒழுங்காகத் தருகின்றன என்பதையும் அவற்றின் சில்லறை விலையையும் அவர் ஒப்புநோக்கினார். காதை முழுவதும் மூடுபவை, காதின்மேல் அமர்பவை, காதுக்குள்ளே செல்பவை ஆகிய மூவகையும் அவற்றுள் அடங்கும். விலைக்கும் அவ்வொலிப்பண்புக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. கட்டுரையின் தலைப்பே அதுதான். விலை கூடினால் ஒலி சிறிது நயமாகும், மிக நயமாகும் என்று எம்மவர் வாதிட்டுக்கொண்டிருக்க, அளவுகோலோ தொடர்பே இல்லை என்கிறது.

அளவுகோல் இயந்திரம், காது மனிதனுடையது, இரண்டும் ஒன்றாகுமா என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வி. அதற்கும் விடை உண்டு. ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஷோன் ஒலிவ், டொட் வெல்ரி ஆகியோர் 2012ஆம் ஆண்டளவிலிருந்து பல பரிசோதனைகளை நடத்தினர். அவர்கள் கையாண்ட உத்தி ஒன்று இங்கே விரித்துரைக்கத்தக்கது. ஒரு ஹெட்போனைத் தலையில் அணிந்தவுடனேயே அதன் பாரம், மெத்தையின் மென்மை ஆகியவற்றால் அதன் விலை தெரிந்துவிடும்; கண்ணைக் கட்டினாலும் பயனில்லை. எனவே அவர்கள் ஒரே ஹெட்போனை எல்லோருக்கும் அணிவித்து, ஏனைய ஹெட்போன்களின் ஒலிப்பண்புகளை மின்னணு முறையால் அதிலே மாறி மாறி வருவித்தனர். கேட்பவர் எதன் ஒலியைக் கேட்கிறார் என்பதை அறியார். ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஜேர்மனி, சீனா ஆகிய நாடுகளிலே, வயதும் பயிற்சியும் வேறுபட்ட கேட்போரிடம் இத்தகைய சோதனை செய்தபோது, பெரும்பாலோர் விரும்பியது ஏறக்குறைய ஒரே வகையான ஒலியையே. நல்ல அறையொன்றிலே நல்ல ஒலிபெருக்கிகள் தரும் ஒலியை ஒத்தது அது. அவ்வொலியின் வரைபு இன்று பகிரங்கமாகக் கிடைக்கிறது. இந்த அறிவு வணிகர் வீட்டிலிருந்தே வந்தது என்பதும் மனங்கொளத்தக்கது. ஹார்மன் நிறுவனம் ஏகேஜி, ஜேபிஎல் என்னும் பெயர்களில் ஹெட்போன் விற்பது; 2017இல் அதனை 800 கோடி டொலர் கொடுத்துச் சம்சுங் நிறுவனம் வாங்கியது. தன் சரக்கை விற்பதற்காகத் தேடிய அறிவே, விலைக்கும் தரத்துக்கும் இருப்பதாக நம்பப்பட்ட உறவை உடைத்துவிட்டது. வரலாற்றிலே இத்தகைய முரண்கள் புதியனவல்ல.

விலை செவியை ஏமாற்றுவது எங்ஙனம்? 2008ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலே மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வில், ஒரே திராட்சை மதுவை இரு விலை கூறிக் கொடுத்தபோது, விலை கூடியதென்று சொல்லப்பட்டதையே பருகியோர் சுவை மிக்கதாக உணர்ந்தனர். மூளையின் இயக்கமும் அதற்கேற்ப மாறியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. விலையைக் கேட்டபின் சுவையே அவர்களுக்கு மாறிவிட்டது. ஹெட்போன் அணிந்தவரும் அவ்வாறே உண்மையாக இன்புறுகிறார். அந்த இன்பத்தை நான் பறிக்க வரவில்லை. அதனை ஆதாரமாகக் காட்டிப் பிறரைச் செவிடர் என்று ஏசுவதையே எதிர்க்கிறேன்.

கடைக்காரர்களின் உத்தி ஒன்றையும் சொல்லிவைப்போம். பம்பலப்பிட்டிக் கடையொன்றிலே இரண்டு ஹெட்போன்களை ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு அணிவித்து, "தம்பி, வித்தியாசம் விளங்குதுதானே?" என்று கேட்டார் விற்பனையாளர். வித்தியாசம் விளங்கியது. விலை கூடியதை அணிவித்தபோது அவர் ஒலியளவை இரண்டு படி உயர்த்தியிருந்தார். மனிதச் செவி தாழ்ந்த ஒலியளவிலே அடிச்சுருதிகளைக் குறைவாகவே உணரும் என்பதை 1933ஆம் ஆண்டிலேயே பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் அளந்து நிறுவிவிட்டனர். ஒலியளவு சற்றே கூடினால் மிருதங்கத்தின் தொப்பி நிறைந்து ஒலிக்கும். குரலுக்குக் கனதி வரும். இரு ஹெட்போன்களையும் ஒரே ஒலியளவில் வைக்காமற் செய்யும் எந்த ஒப்பீடும் ஒப்பீடே அன்று. கடைக்குச் செல்லும் மாணவர் இந்த ஒன்றை நினைவில் வைத்தாற் போதும்.

மலிவான கருவி எவ்வாறு இவ்வளவு நல்லதாயிற்று என்பதை விளங்கிக்கொள்ள வரலாற்றைச் சிறிது புரட்டவேண்டும். 1910ஆம் ஆண்டளவிலே நதானியேல் போல்ட்வின் என்பவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே தம் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன்களைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். தந்தியாளரும் தொலைபேசி இணைப்பாளருமே இதன் முதற் பாவனையாளர். இது தொழிலாளியின் கருவியாகத்தான் பிறந்தது. இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனை 1958இல் ஜோன் கொஸ் விற்பனைக்குக் கொணர்ந்தார். 1979இல் சொனியின் வோக்மன் வந்தபோது அதனோடு கூடவந்த ஹெட்போன் கடதாசிபோல் இலேசானது. 1980களின் முற்பகுதியிலே நியோடிமியம் காந்தம் கண்டுபிடிக்கப்பட்டது. அளவிற் சிறிய, வலிமையிற் பெரிய அக்காந்தம் மலிந்தபோது ஹெட்போனின் உட்பகுதியும் மலிந்தது. உள்ளே என்னதான் இருக்கிறது? ஒரு காந்தம், மயிரிழையளவு கம்பிச் சுருள், மெல்லிய சவ்வு. மிகுதி யாவும் பிளாஸ்ரிக். முன்னர் அரிதாக இருந்தது பொருளன்று. அதனை எவ்வாறு இசைவிப்பது என்ற அறிவே. அந்த அறிவு பகிரங்கமானதும் சீனத்துத் தொழிற்சாலைகள் அதனைப் பற்றிக்கொண்டன. இருபது டொலர் இயர்போனின் இரகசியம் இவ்வளவே. இதிலே தொழிலாளரின் கூலி எவ்வளவு என்ற கேள்வி எழவேண்டும். அக்கேள்வி நானூறு டொலர் ஹெட்போனைப் பார்த்தும் அதே குரலில் எழவேண்டும்.

அவ்வாறாயின் எஞ்சிய 380 டொலர் எங்கே செல்கிறது? ஒரு பகுதி உண்மையான வசதிகளுக்கு: புறவோசையை நீக்கும் மின்சுற்று, கம்பியில்லா இணைப்பு, மெத்தை. இன்னொரு பகுதி விளம்பரத்துக்கும் பெயருக்கும். பீற்ஸ் என்னும் நிறுவனத்தை 2014இல் அப்பிள் நிறுவனம் 300 கோடி டொலருக்கு வாங்கியது. உலகத்துப் பாடகரும் விளையாட்டு வீரரும் கழுத்திலே மாட்டித் திரிந்த பெயர் அது. அடுத்து நிகழ்ந்தது இன்னும் நயமானது. 2016இல் அப்பிள் தன் தொலைபேசியிலிருந்து 3.5 மில்லிமீற்றர் துளையை அகற்றியது. அவ்வாண்டு இறுதியிலேயே கம்பியில்லா எயார்பொட்ஸ் விற்பனைக்கு வந்தது. பழைய தொலைபேசி இணைப்பகங்களின் செருகியின் வழிவந்த, எவருக்கும் சொந்தமில்லாத துளை அது. அதனை மூடிவிட்டு, மூடியதால் எழுந்த தேவையை விற்பதை வணிக மேதைமை என்று புகழ்கிறார்கள். எங்கள் ஊரிலே இதற்கு வேறு பெயர்.

இனி, எதிர்வாதங்களுள் வலுவானதை எடுத்துக்கொள்வோம். "விலையுயர்ந்த ஹெட்போனிலே நுணுக்கங்கள் கேட்கின்றன, மலிவானதிலே அவை மறைகின்றன" என்பர். நாம் எதைக் கேட்கிறோம் என்பதை இவ்வாதம் மறந்துவிடுகிறது. எமது மாணவரிற் பெரும்பாலோர் கேட்பது யூடியூபிலே. சிலர், 2021இல் இலங்கைக்கு வந்த ஸ்பொட்டிஃபையிலே. காசு கட்டாது கேட்போருக்கு அது விநாடிக்கு 160 கிலோபிற்றுக்கு மேல் தருவதில்லை. கம்பியில்லா ஹெட்போனாயின் அதனை மறுபடியும் சுருக்கியே காதுக்கு அனுப்புகிறது. கேட்கும் பாடல்களோ? டி. எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் பாடிய 1950கள், 1960களின் திரையிசை ஒற்றைத் தடத்திலே பதியப்பட்டது. இடம் வலம் என்ற பேதமே அதிலில்லை. யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். இன்று கேட்கக் கிடைக்கும் அவருடைய வாசிப்புகள், ஆர்வலர் எவரோ கோயில் வீதியிலே பதிந்து, நாடாவிலிருந்து நாடாவுக்கு மாறி, இரைச்சலோடு எம்மை வந்தடைந்தவை. இலட்ச ரூபா ஹெட்போனிலே அவற்றைக் கேட்டால் மிகுதியாகக் கேட்பது அந்த இரைச்சல்தான். அந்த இரைச்சலைத் தாண்டி அவருடைய விரல்களின் கணக்கைப் பின்தொடர வேண்டுமாயின் தாளம் தெரிந்திருக்கவேண்டும். தாள அறிவு பெட்டியிலே அடைத்து விற்கப்படுவதில்லை.

இவ்விடத்து எமது மக்களின் வரலாற்றிலிருந்து ஒன்றை நினைவூட்டாமற் செல்ல மனம் ஒப்பவில்லை. 1990ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஆயினும் வானொலி நிற்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலே பிறந்த மின்சாரத்தால் வானொலியை இயக்கினர். பிபிசியின் தமிழோசைக்கும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலிக்கும் காத்திருந்தது ஊர். கசெற்றிலே பாட்டுக் கேட்டதும் அப்படித்தான். ஒருவர் சுற்ற மற்றவர் கேட்பர். சுற்றுபவர் களைத்தாற் பாட்டின் சுருதி இறங்கும். மீண்டும் விசை பிறக்க ஏறும். எமது பெற்றோரிற் பலர் பாட்டுக் கேட்கப் பழகியது இவ்வாறு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று அடுக்குமாடிகளில் வாழும் அவர்களிற் சிலருக்கு ஒரு பாடலின் முதலிரு நொடி போதும். இசையமைப்பாளர் யார், படம் எது, எந்த ஆண்டு என்று சொல்லிவிடுவர். சிற்றுண்டிச்சாலைத் தீர்ப்பின்படி இவர்கள் வாய் திறக்க அருகதையற்றவர்கள்.

வறுமையைக் கொண்டாடுவது என் நோக்கமன்று. டைனமோ வானொலியின் ஒலி நல்ல ஒலி அன்று. அவர்களுக்கு நல்ல ஒலி கிடைத்திருக்கவேண்டும். அதுபோலவே மலிவானது யாவும் நல்லது என்றும் நான் கூறவில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலே சில நூறு ரூபாவுக்குக் குவித்து விற்கப்படும் இயர்போன்களிலே பல, வலக்காதும் இடக்காதும் வெவ்வேறு ஒலியளவு தருபவை. கம்பி ஒரு மாதத்திலே அறுபவை. அவற்றினும் தீயவை போலிகள். பெரும் நிறுவனத்தின் பெயரைப் பொறித்து, அசலின் விலையிற் பாதிக்கும் குறைவாக விற்கப்படும் அவற்றை வாங்குவோர் யார்? பெயர் வேண்டும், பணம் இல்லை என்ற நிலையிலுள்ள எம் மாணவர்களே. விலையை வைத்து ஆளை எடைபோடும் வழக்கம் ஒழிந்தாலன்றிப் போலியின் சந்தையும் ஒழியாது. நாலாயிரம் ரூபாவுக்குப் போலி வாங்குபவன், அந்தப் பணத்தோடு இன்னும் சிறிது சேர்த்தால் தன் சொந்தப் பெயரிலேயே விற்கப்படும் நேர்மையான கருவி ஒன்றை வாங்கலாம். வாங்காததற்குக் காரணம் காதன்று, வகுப்பறையின் கண்கள்.

தரத்துக்கு ஒரு கீழெல்லை உண்டு என்பதும், அந்த எல்லையைத் தாண்டியபின் பணம் வாங்கித் தருவது மிகச் சிறிது என்பதுமே என் வாதம். அந்த எல்லை இன்று ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாவளவிலே இருக்கிறது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்திலே டொலர் 200 ரூபாவாக இருந்தது. இரு மாதத்துள் 360ஐ எட்டியது. அந்த வீழ்ச்சி நிகழாதிருப்பின் அதே கருவி நாலாயிரத்துக்குக் கிடைத்திருக்கும். எம் தலைமுறை எதை வாங்குவது என்பதை அந்த இரு மாதங்களே இன்றும் முடிவு செய்கின்றன.

விலையைவிட முக்கியமான ஒன்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இயர்போன் காதிலே சரியாகப் பொருந்துகிறதா என்பதே அது. காதுத்துளைக்கும் இறப்பர்த் தக்கைக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருப்பினும் அடிச்சுருதிகள் வெளியே கசிந்துவிடும். மிருதங்கம் தகர டப்பாவாக ஒலிக்கும். இயர்போனோடு சிறிதும் நடுத்தரமும் பெரிதுமாக மூன்று சோடித் தக்கைகள் தருகிறார்கள். பெரும்பாலோர் கருவியிலே முன்பே மாட்டியிருந்ததைக் கழற்றுவதேயில்லை. மிகுதியைப் பெட்டியோடு எறிந்துவிட்டு, "மலிவுச் சாமான், பேஸ் இல்லை" என்று சலித்துக்கொள்கிறார்கள். தக்கையை மாற்றுவதற்குச் செலவில்லை. தொலைபேசியிலுள்ள ஈக்குவலைசரைத் தொடுவதற்கும் செலவில்லை. கருவியின் குறையை ஓரளவு அதனால் நேராக்கலாம்.

காலி வீதியிலே ஓடும் 100ஆம், 101ஆம் இலக்கப் பஸ்களை அறியாதார் எம்மிடையே இல்லை. மொறட்டுவையிலிருந்தோ பாணந்துறையிலிருந்தோ புறப்பட்டு வெள்ளவத்தையைத் தாண்டிக் கோட்டை நோக்கி வரும் அப்பஸ்ஸினுள், இயந்திரமும் ஹோர்னும் சாரதியின் தலைக்கு மேலுள்ள ஒலிபெருக்கியும் சேர்ந்து எழுப்பும் ஓசை 80 டெசிபலை எளிதில் எட்டும். அங்கேதான் நாம் அன்றாடம் இசை கேட்கிறோம்; அமைதியான அறையிலன்று. பஸ்ஸின் உறுமல் அடிச்சுருதிகளை விழுங்கிவிடுகிறது. நாம் ஒலியளவைக் கூட்டுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். எனவே 89 டெசிபலிலே ஐந்து மணிநேரம், 92இலே இரண்டரை. கிழமைக்கு ஐந்து நாள், போகவர ஒன்றரை மணிநேரம் பஸ்ஸிலே கேட்பவர் தம் பங்கை எப்போதோ தாண்டிவிட்டார். உலகிலே நூறு கோடிக்கும் மேற்பட்ட இளையோர் இவ்வாறு செவிப்புலனை இழக்கும் ஆபத்தில் உள்ளனர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

"மலிவு இயர்போன் காதைக் கெடுக்கும்" என்று எம் வீடுகளிலே அம்மாமார் சொல்வதுண்டு. காதைக் கெடுப்பது ஒலியின் அளவும் நேரமும், விலையன்று. ஆயினும் அக்கூற்றிலே ஓர் உண்மை ஒளிந்துள்ளது. காதிற் பொருந்தாத, புறவோசையை உள்ளே விடும் கருவி எம்மை ஒலியளவைக் கூட்டத் தூண்டுகிறது. பொருந்திய தக்கை புறவோசையைக் கணிசமாகத் தடுக்கும். கூட்டவேண்டிய தேவை குறையும். கூடுதலாகப் பணம் செலவிடுவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டெனின் அது புறவோசையை எதிரலையால் நீக்கும் வசதியே என்பேன். அதன் தத்துவத்துக்கு 1936ஆம் ஆண்டே போல் லூக் என்னும் ஜேர்மானியர் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றார். 1978இல் அமர் போஸ் விமானப் பயணமொன்றிலே அதனை ஹெட்போனுக்குப் பயன்படுத்தும் எண்ணம் கொண்டார். 1989இல் விமானிகளுக்கான கருவி விற்பனைக்கு வந்தது. பஸ்ஸின் உறுமல் போன்ற தாழ்ந்த ஓசைகளை நீக்குவதிலேதான் இது சிறந்தது. முன்னர் விலையுயர்ந்தவற்றுக்கே உரியதாயிருந்த இவ்வசதி இன்று அவற்றின் விலையிற் சிறு பங்குக்கே கிடைக்கிறது. அதை வாங்குபவர் தம் காதைக் காக்க வாங்குகிறார். அவரோடு எனக்குப் பிணக்கில்லை. வீதியைக் கடக்கும்போது கழற்றிவிடுக என்று மட்டும் சொல்வேன்.

விலை கூடியது நெடுநாள் உழைக்கும் என்பது இன்னொரு வாதம். தாத்தாவின் கைக்கடிகாரம் போன்று ஹெட்போனையும் எண்ணிக்கொள்வதால் வரும் மயக்கம் இது. கம்பியில்லாச் சிறு இயர்போனின் உள்ளே ஒரு லிதியம் பற்றரி இருக்கிறது. சில நூறு தடவை மின்னேற்றியபின் அது தளரும். பெரும்பாலானவற்றிலே அதனை மாற்றமுடியாதபடி ஒட்டி மூடியிருக்கிறார்கள். நாற்பதாயிரம் கொடுத்தாலும் நாலாயிரம் கொடுத்தாலும் அந்தப் பற்றரியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டே. கம்பியுள்ள இயர்போன்களிற் சில கழற்றி மாட்டத்தக்க கம்பி உடையவை. அறுந்தால் புதுக்கம்பி வாங்கலாம். கழற்ற முடியாதவற்றையும் ஈயம் வைத்து ஒட்டித் தரும் கைவினைஞர் புறக்கோட்டையிலே இன்னும் இருக்கிறார்கள். 1984இலே வெளிவந்த கொஸ் நிறுவனத்தின் போர்ட்டா புரோ என்னும் ஹெட்போன் நாற்பது ஆண்டுக்குப் பின்னும் ஏறத்தாழ அதே வடிவிலே விற்பனையாகிறது. அது விலை உயர்ந்த கருவியன்று.

ஈற்றிலே, எவரும் வெளிப்படையாகப் பேச விரும்பாத ஒன்று. எம் வளாகத்துக்கு விலையுயர்ந்த ஹெட்போன்கள் பெரும்பாலும் கடை வழியாக வருவதில்லை. இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் மாமாவின் பயணப் பெட்டியிலே வருகின்றன. குளிரிலே இரவு வேலை செய்து உழைத்த பணம் அது. அன்பினாற் கொடுத்த பொருளை அணிவதிலே தவறு காணேன். ஆனால் வெளிநாட்டிலே மாமா இல்லாத மாணவரும் எம்மிடையே உளர். ஹற்றனிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வந்து வெள்ளவத்தையிலே ஓர் அறையில் நால்வராகத் தங்கி, மகாபொலவிலே சாப்பாட்டுக் கணக்குப் பார்ப்பவர்கள் அவர்கள். மாமாவின் அன்பளிப்பு ஒருவரின் இரசனைக்குச் சான்றிதழாக மாறும் கணத்திலே, இவர்கள் இரசனையற்றவர்களாக ஆக்கப்படுகிறார்கள். தென்னிந்தியச் சபாக்களிலே முன்வரிசை யாருக்கு என்பதைப் பற்றி விரிவுரைகளிலே விமர்சனம் எழுதும் நாம், எம் சிற்றுண்டிச்சாலையிலே அதே வரிசைகளைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆடிமாதத்திலே செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து ஆடிவேல் இரதம் பம்பலப்பிட்டி நோக்கிக் காலி வீதி வழியே வருகிறது. முன்னே நாதசுரமும் தவிலும். ஒலிவாங்கி இல்லாமலே தெருவின் மறுகரை வரை கேட்கும் ஒலி. எந்த விலையிலும் எந்த ஹெட்போனும் தராத ஒலி. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலிலும் ஜிந்துப்பிட்டியிலும் திருவிழாக் காலங்களிலே இதே ஒலியை ஐந்தடி தூரத்திலே நின்று கேட்கலாம். இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் சரஸ்வதி மண்டபத்திலும் கச்சேரிகள் நடக்கின்றன. பின்வரிசைகளிலே இடம் எப்போதும் இருக்கிறது. சென்ற ஆண்டு இரதம் வந்தபோது வீதியோரத்திலே நின்ற மாணவர்களை எண்ணினேன். பதினொருவர். எழுவரின் காதிலே இயர்போன் இருந்தது. தவில்காரர் தனி வாசிக்கத் தொடங்கியபோது இருவர் கழற்றினர்.